கணிதமும் இயற்பியலும் படிக்க எந்த இடம்?

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் முதல் குரூப் படித்து, கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் ஒரே நேரத்தில் கிடைப்பது இன்று அரிதல்ல. தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், சென்னையிலோ திருச்சியிலோ பெயர்பெற்ற தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு எம்.எஸ்சி., திருப்பதி ஐசரில் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்) பி.எஸ்.-எம்.எஸ்., சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் ‘கணிதமும் இயற்பியலும்’ என்றே பெயர்கொண்ட பி.எஸ்சி. ஆனர்ஸ் என்று இவற்றில் இரண்டோ மூன்றோ ஒருவருக்கு அமையலாம். இவற்றுள் பாடம் வேறு, காலம் வேறு, செலவு வேறு, படித்து முடித்தபின் கிடைக்கும் வாய்ப்புகளும் வேறு. பெரும்பாலான வீடுகளில் தரவரிசைப் பட்டியலையும் தெரிந்தவர்கள் சொல்லும் பெயரையும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளைத் தீர்மானிக்கும் முடிவுக்கு அது போதாது.

முதலில் படிப்பின் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளஸ் டூ கணிதத்தில் பெரும்பகுதி, சூத்திரம் தெரிந்து விடை காண்பது. கல்லூரிக் கணிதத்தில் பெரும்பகுதி நிறுவல். வகைநுண்கணிதத்தில் இரண்டு ஆண்டுகள் எல்லையைப் பயன்படுத்திக் கணக்குப் போட்ட மாணவரிடம், எல்லை என்றால் துல்லியமாக என்ன, மெய்யெண்களில் இடைவெளி இல்லை என்று எப்படிச் சொல்கிறோம் என்று கல்லூரியின் முதல் ஆண்டு கேட்கிறது. நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் பலர் இங்கே திகைத்துப் போகிறார்கள். √2 ஒரு விகிதமுறு எண் அல்ல என்ற நிறுவலைப் பள்ளியில் படித்தபோது மனம் துள்ளியவருக்கு இந்தப் படிப்பு பிடிக்கும். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து கடந்தவர், சேர்வதற்கு முன்பே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இயற்பியலின் போக்கு வேறு. அங்கே கணிதம் கருவி. கடைசித் தீர்ப்பைச் சொல்வது சோதனை. இரண்டும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதற்கு வெப்பம் பரவுதல் நல்ல உதாரணம். ஒரு திடப்பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822-இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்த வெப்பநிலைப் பரவலையும் சைன், கோசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என்பது அவருடைய துணிச்சலான வழி. இயற்பியலாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கம்பியின் வெப்பநிலையைக் கணித்துவிடலாம், அளந்தும் பார்க்கலாம். அந்த முடிவில்லாத கூட்டுத்தொகை உண்மையிலேயே ஒரு மதிப்பில் வந்து நிற்கிறதா என்பது கணிதவியலாளரின் கேள்வி. டிரிஷ்லே 1829-இல் அதற்கு நிபந்தனைகளோடு விடை தந்தார். அதே வகைத் தொடர்களைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்துதான் 1870-களில் கேன்டர் கணக் கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். கம்பியின் சூட்டைக் கணிப்பதில் ஆர்வமா, கூட்டுத்தொகை ஏன் நிற்கிறது என்பதில் ஆர்வமா என்று ஒரு மாணவர் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் சமமான ஆர்வம் இருக்கிறவருக்குத்தான் இணைப் பட்டப்படிப்பு.

பதினேழு வயதில் இதற்கு உறுதியான விடை இல்லாமல் இருப்பது குறையல்ல. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1925-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். இன்டர்மீடியட் முடிந்ததும் கணித ஆனர்ஸ் படிக்கவே அவருக்கு விருப்பம். மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று எண்ணிய தந்தை இயற்பியல் ஆனர்ஸ் எடுக்கச் சொன்னார். சந்திரசேகர் இயற்பியலில் சேர்ந்துகொண்டு, கணிதத் துறை வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். மாணவராக இருக்கும்போதே 1929-இல் அவருடைய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றார். எந்தத் துறையில் பெயர் பதிவாகிறது என்பதைவிட, அடுத்த துறையின் வகுப்பறைக் கதவு திறந்திருக்கிறதா என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது. ஒரு கல்லூரியில் சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

எந்தப் படிப்பில் எவ்வளவு

தமிழகப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்தால் கணிதம் மேஜர்; இயற்பியல் பெரும்பாலும் அலைடு பாடமாக இரண்டு பருவங்கள் மட்டும் வரும். இயற்பியல் மேஜர் எடுப்பவருக்குக் கணிதமும் வேதியியலும் அலைடு. முதல் இரண்டு ஆண்டுகளில் பகுதி ஒன்றாகத் தமிழும் பகுதி இரண்டாக ஆங்கிலமும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகள் 1997-இல் தொடங்கப்பட்ட சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பாலக்கோட்டிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. சிறு கட்டணங்களோடு மூன்று ஆண்டுகள் முடிந்துவிடும். இந்தப் படிப்பில் இரண்டு பாடங்களையும் ஆழமாகப் படிக்கப் பாடத்திட்டம் இடம் தராது. அலைடு பாடத்தை மேஜர் அளவுக்குச் சொந்த முயற்சியில் படிக்க வேண்டியிருக்கும்.

சென்னைக் கணிதவியல் கழகம் இதற்கு எதிர்க்கோடியில் இருக்கிறது. ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியாக 1989-இல் சி.எஸ்.சேஷாத்ரி தொடங்கியது இது. 1998-இல் இளங்கலை வகுப்புகள் ஆரம்பமாயின. 2003-இல் இயற்பியலும் சேர்ந்து, பின்னர் கணிதமும் இயற்பியலும் கலந்த ஆனர்ஸ் பட்டமாக அமைந்தது. 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. பகுப்பாய்வு, இயற்கணிதம் ஆகியவற்றோடு செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் எல்லாம் மூன்றே ஆண்டுகளில் வருகின்றன. வகுப்புகள் சிறியவை, வேகம் அதிகம். நுழைவுத் தேர்வு மே மாதத்தில் நடக்கும்; அதில் கேட்பது கணிதம். இயற்பியலின் கோட்பாட்டுப் பக்கத்தில் பற்றுள்ளவருக்குத் தமிழ்நாட்டில் இதற்கு இணையான இளங்கலைப் படிப்பு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். ஆய்வகத்தில் கருவிகளோடு இருக்க விரும்புபவருக்கு இது ஏற்ற இடமல்ல.

பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் கழகம் நடத்தும் பி.மேத். படிப்பு முற்றிலும் கணிதத்தைச் சார்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பாடத்திட்டத்தில் இயற்பியல் தாள்களும் இருக்கின்றன. மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய கழகம் இது. கணிதத்தில் தெளிவான உறுதி உள்ளவர், இயற்பியலையும் முழுதாக விட மனமில்லாதவர் இதைக் கவனிக்கலாம்.

முடிவெடுக்க அவகாசம் வேண்டும் என்பவருக்கு ஐசர்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் பொருந்தும். 2006-இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி இன்று ஏழு ஐசர்கள் இருக்கின்றன. தமிழகத்துக்கு அருகில் திருவனந்தபுரமும் திருப்பதியும். ஐந்தாண்டுப் படிப்பின் தொடக்கத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் எல்லோரும் படிக்க வேண்டும். அதன்பிறகுதான் மேஜரைத் தேர்ந்தெடுப்பார்கள். கடைசி ஆண்டு முழுநீள ஆய்வுப் பணி. பயோ-மேத்ஸ் எடுக்காமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவருக்கு உயிரியல் தாள் கொஞ்சம் சிரமம் தரும், சேர்க்கைக்கான ஐ.ஏ.டி. தேர்விலும் நான்கு பாடங்களிலிருந்தும் வினாக்கள் உண்டு. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யின் நான்காண்டு பி.எஸ். படிப்பு 2011-இல் தொடங்கியது. அங்கும் முதல் மூன்று பருவங்கள் பொதுப் பாடங்கள், பிறகு மேஜர், கடைசி ஆண்டில் ஆய்வு. புவனேஸ்வர் நைசரும் மும்பையின் அடிப்படை அறிவியல் மையமும் நெஸ்ட் தேர்வின் மூலம் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.க்குச் சேர்க்கின்றன. திருவாரூரிலும் புதுச்சேரியிலும் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களின் ஒருங்கிணைந்த படிப்புகளுக்கு சி.யூ.இ.டி. எழுத வேண்டும், அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது தமிழ்வழி மாணவருக்கு ஓர் ஆறுதல். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது.

மூன்றாண்டா ஐந்தாண்டா என்ற கேள்வியில் ஒரு தவறான கணக்கு அடிக்கடி நடக்கிறது. பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. சேர்ந்தாலும் மொத்தம் ஐந்தாண்டுதான். ஐந்தாண்டுப் படிப்பில் இடையே இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை என்பது அதன் வசதி. பிடிக்காவிட்டால் வெளியேறுவது கடினம் என்பது அதன் சிரமம். மூன்றாண்டுப் படிப்பு, இருபது வயதில் மறுபடி யோசிக்க ஒரு வாய்ப்பைத் தருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் மேற்படிப்புக்குப் பதினாறு ஆண்டுக் கல்வியை எதிர்பார்ப்பதால், நேராக அங்கே போக எண்ணுபவர் நான்காண்டுப் படிப்பைப் பார்ப்பது நல்லது.

மற்ற நாடுகளில் இந்தத் தேர்வு வேறு விதமாக நடக்கிறது. பிரிட்டனில் மாணவர் ஒரே பொது அமைப்பின் வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே நிபந்தனையோடு இடம் தருகிறார்கள். அவற்றில் ஒன்றை உறுதியான விருப்பமாகவும் இன்னொன்றைக் காப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பட்டம் அங்கே வெகு சாதாரணம். இலங்கையில் உயர்தரத் தேர்வின் இசட் மதிப்பெண்ணைக் கொண்டு இடம் ஒதுக்குகிறார்கள். பௌதிக விஞ்ஞானப் பிரிவில் சேருபவர் கணிதத்தையும் இயற்பியலையும் சேர்த்தே படித்து, பின்னர் சிறப்புப் பட்டத்துக்குத் தகுதி பெறலாம். நம் நாட்டில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித் தேர்வு, தனிக் கலந்தாய்வு, தனிக் கெடு. இந்தச் சுமை முழுவதும் மாணவர் தலையிலும் பெற்றோர் தலையிலும் விழுகிறது. பாலக்கோட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பது கடினம் என்பதால், தகவல் தெரியாமலேயே நல்ல இடங்களை இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர் யார்

பாடத்திட்டத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது கற்பிப்பவர்களை. தமிழகக் கணித வரலாற்றில் இதற்கு வலுவான சான்று இருக்கிறது. பிரெஞ்சு ஜெசுவிட் பாதிரியார் சார்லஸ் ரசின் 1937-இல் இந்தியாவுக்கு வந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பின்னர் சென்னை லயோலா கல்லூரியிலும் கற்பித்தார். பாரிஸில் அன்று உருவாகிக்கொண்டிருந்த நவீன கணிதம் அவருக்கு நேரடியாகத் தெரியும். பழைய பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்த நூல்களை அவர் மாணவர்களிடம் கொடுத்தார். திறமை கண்டவர்களை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். வட ஆர்க்காட்டுத் தண்டரை கிராமத்தில் பிறந்த எம்.எஸ்.நரசிம்மனும், காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த சேஷாத்ரியும் லயோலாவில் அவரிடம் படித்து 1953-இல் டாடா நிறுவனத்தில் சேர்ந்தார்கள். இருவரும் சேர்ந்து 1965-இல் வெளியிட்ட தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. வடிவியலிலும் கோட்பாட்டு இயற்பியலிலும் அது பயன்படுகிறது. லயோலாவின் பாடத்திட்டம் அன்று மற்ற கல்லூரிகளிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. அங்கே ரசின் இருந்தார்.

ஆகவே கல்லூரியின் இணையதளத்தில் துறைப் பக்கத்தைத் திறந்து, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், அண்மை ஆண்டுகளில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்கள் யார் என்று பார்ப்பது பயனுள்ள வேலை. அதைவிடப் பயனுள்ளது, அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் இருவரிடம் பேசுவது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வகம் நடக்கிறது, கருவிகளைத் தொட விடுகிறார்களா, வகுப்பில் நிறுவலைக் கேள்வி கேட்டால் ஆசிரியர் எப்படிப் பதில் சொல்கிறார், போன மூன்று பிரிவு மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நூலகத்தில் பார்ட்டில், ஷெர்பர்ட் எழுதிய பகுப்பாய்வு நூலும் ஃபைன்மன் விரிவுரைகளும் இருக்கின்றனவா, அவற்றை யாராவது எடுத்துப் படிக்கிறார்களா என்பதும் நிறையச் சொல்லும். ஃபைன்மன் விரிவுரைகளைக் கால்டெக் நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் ஓர் அத்தியாயத்தைப் படித்துப் பார்க்கலாம்.

ஐசர் வளாகங்களைத் தரவரிசையால் மட்டும் வரிசைப்படுத்துவதும் இதே காரணத்தால் சரியல்ல. கலந்தாய்வில் தரும் விருப்ப வரிசை உண்மையானதாக இருக்க வேண்டும். அடுத்த சுற்றில் மேல் விருப்பத்துக்கு இடம் உயர்ந்தால் முந்தைய இடம் போய்விடும். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தையும் சேர்த்து யோசித்து வரிசை அமைப்பதில் தவறில்லை.

தூரத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பாலக்கோட்டு மாணவர்கள் பெரிய ஊர் என்றால் சென்னையையே நினைக்கிறார்கள். சேலத்திலிருந்து தர்மபுரி, பாலக்கோடு, இராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகும் ரயில் பாதை பெங்களூரில் முடிகிறது. சென்னையைவிட அது வெகு அருகில். ஐ.ஐ.எஸ்சி., புள்ளியியல் கழகம், ராமன் ஆராய்ச்சி நிறுவனம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், டாடா நிறுவனத்தின் பெங்களூர் மையங்கள் எல்லாம் அந்த நகரத்தில் இருக்கின்றன. இவற்றில் பொதுவிரிவுரைகளும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகளும் நடக்கின்றன. தர்மபுரியிலோ பாலக்கோட்டிலோ பி.எஸ்சி. படிக்கிறவருக்கும் இவை எட்டக்கூடிய தூரம்தான். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகமும் தொலைவில் இல்லை, 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது.

பணமும் சான்றிதழும்

பாலக்கோட்டுப் பகுதியில் தக்காளி, மாஞ்சாகுபடியை நம்பும் குடும்பங்களில் வருமானம் மாதச் சம்பளம்போல வருவதில்லை. மா அறுவடை ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. முதல் பருவக் கட்டணம் அந்தக் காலத்தில் வந்துவிடும். இரண்டாம் பருவக் கட்டணம் டிசம்பர், ஜனவரியில் வரும். ஆகவே முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் விடுதி, உணவு, போக்குவரத்து, கணினி எல்லாம் சேர்த்து முழுப் படிப்புக்கும் எவ்வளவு ஆகும், எந்த மாதத்தில் ஆகும் என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

வரவுப் பக்கத்திலும் எழுத நிறைய இருக்கிறது. அடிப்படை அறிவியல் படிக்கும் மாணவர்களுக்காக மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.80,000 வரை உதவித்தொகை உண்டு. அதில் ரூ.60,000 மாணவருக்கு நேரடியாகவும், ரூ.20,000 கோடைக்கால ஆய்வுக்காகவும் ஒதுக்கப்படுகிறது. பிளஸ் டூ தேர்வில் தங்கள் வாரியத்தின் முதல் 1 சதவீதத்தில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். கணிதமும் இயற்பியலும் இதில் அடங்கும்; பொறியியல் அடங்காது. இந்தத் திட்டம் தெரியாததாலேயே அறிவியலை விட்டுப் பொறியியலுக்குப் போனவர்கள் உண்டு என்பது வருத்தத்துக்குரியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் ரூ.1,000 தருகின்றன. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. போன்ற உயர் நிறுவனங்களில் சேர்வோரின் இளங்கலைச் செலவை அரசே ஏற்கும் என்று தமிழக அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. தமக்குக் கிடைத்த நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தலைமையாசிரியர் மூலம் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பெற வேண்டும். கடன் தேவைப்பட்டால், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர் நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையில்லாக் கடன் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால் ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

சான்றிதழில் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வரும் குடும்பங்கள் ஏராளம். மாநிலக் கல்லூரிகளில் அந்தச் சாதிச் சான்றிதழ் போதும். அந்தப் பிரிவினருக்கு 20 சதவீத ஒதுக்கீடு தனியாக உண்டு. மத்திய நிறுவனங்களில் அந்தப் பிரிவே இல்லை. அங்கே பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவினர் 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் வருவார்கள். சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். கிரீமி லேயருக்குள் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில், பெரும்பாலும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு பெற்றதாகக் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வாங்கச் சில நாட்களாகும். கலந்தாய்வு அறிவிப்பு வந்தபின் ஓடுவதைவிட, ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. இந்த ஒரு தாள் இல்லாமல் பொதுப் பிரிவில் போட்டியிட நேர்ந்தால் இடமே கைநழுவலாம்.

அடுத்தது கெடு. அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு மே இறுதியிலும் ஜூனிலும் நடக்கும். ஐசர், நைசர் போன்றவற்றின் கலந்தாய்வு அதற்குப் பின்னும் நீளும். ஆகவே முதலில் கிடைக்கும் இடத்தில் சேர்ந்துவிட்டு, பின்னர் மேலான இடம் வந்தால் மாறுவதே நடைமுறையில் பாதுகாப்பு. இதில் பெற்றோர் அஞ்சுவது இரண்டு விஷயங்களுக்கு: கட்டிய பணம், கொடுத்த அசல் சான்றிதழ். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பு இரண்டுக்கும் விடை சொல்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5,000 பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய பதினைந்து நாட்களுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பின் பதினைந்து நாட்களுக்குள் 80 சதவீதம், முப்பது நாட்களுக்குள் 50 சதவீதம் திரும்பும். அதன்பிறகு எதுவும் இல்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும். கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. ஐசர்கள் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குவதால் அவற்றின் கலந்தாய்வு விதிகளைத் தனியாகப் படிக்க வேண்டும்.

ஆசிரியர் ஆக விரும்பினால்

கணிதமோ இயற்பியலோ எடுக்கும் கிராமத்து மாணவர்களில் கணிசமானவர்களுக்கு அரசுப் பள்ளி ஆசிரியர் வேலையே கனவு. அது உயர்ந்த கனவு; அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டதாரி ஆசிரியருக்கு இளங்கலையும் பி.எட்.டும் வேண்டும்; தகுதித் தேர்விலும் தேற வேண்டும். முதுகலை ஆசிரியருக்கு அந்தப் பாடத்தில் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும். இணைப் பட்டமோ புதுப் பெயர் கொண்ட பட்டமோ இருந்தால், அது பி.எஸ்சி. கணிதத்துக்கோ இயற்பியலுக்கோ இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்க்க வேண்டும். படித்து முடித்தபின் இணைத்தன்மைக்காக அலைவது மிகுந்த மனவலி தரும். மைசூரில் 1963 முதல் இயங்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனம், தமிழ்நாட்டையும் சேர்த்துத் தென்மாநிலங்களுக்கானது. அங்கே இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த நான்காண்டுப் பட்டம் படிக்கலாம். தர்மபுரி மாவட்டத்தில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

அருகில் உள்ள கல்லூரியே முடிவானால்

வீட்டுச் சூழலாலோ, நுழைவுத் தேர்வில் தவறியதாலோ, பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்குவதாலோ பலருக்குத் தர்மபுரியோ பாலக்கோடோதான் அமையும். தயக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விடுதியும் பாதுகாப்பும் நன்றாக உள்ள மத்திய நிறுவனத்தில் இடம் கிடைத்த பெண்ணை, தூரத்தைக் காட்டி நிறுத்துவது அவளுக்கு இழைக்கும் அநீதி. மற்றக் காரணங்களால் அருகிலேயே படிக்கிறவர் தாழ்ந்த வழியில் போகவில்லை. அவருக்கு வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அந்தக் கூடுதல் வேலை என்ன என்பதும் தெளிவானதே. முதல் ஆண்டிலிருந்தே வகுப்புப் பாடத்தோடு நேரியல் இயற்கணிதத்தையும் மெய்ப்பகுப்பாய்வையும், அல்லது இயக்கவியலையும் மின்காந்தவியலையும் நல்ல நூலிலிருந்து கணக்குப் போட்டுப் படிக்க வேண்டும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இணையத்தில் இலவசம். 1993-இல் பேராசிரியர் எஸ்.குமரேசன் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடைக்காலக் கணிதப் பயிற்சி, சிறிய கல்லூரி மாணவர்களுக்குக் கணிதத்தைச் சிந்தித்துப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்காகவே நடக்கிறது. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, ஒரு விஞ்ஞானியின் கீழ் இரண்டு மாதம் வேலை செய்ய வாய்ப்புத் தருகிறது. இரண்டுக்கும் விண்ணப்பங்கள் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும்.

மூன்றாம் ஆண்டில் வருவது ஜாம் தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான இது ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் நடக்கிறது. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் தனித்தனித் தாள்கள் உண்டு. இந்த மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கும் பிற நிறுவனங்களும் பல, ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பும் அவற்றில் ஒன்று. சென்னைக் கணிதவியல் கழகம் எம்.எஸ்சி.க்குத் தனித் தேர்வு வைக்கிறது. 1962-இல் தொடங்கி இன்று தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனமும் பி.எஸ்சி. முடித்தவர்களை ஒருங்கிணைந்த முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறது. இந்தத் தேர்வுகளுக்கு எந்தக் கல்லூரியின் பி.எஸ்சி. பட்டமும் செல்லும். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் தொடங்கும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அந்தத் தேதியைத் தவறவிடாமல் கவனிக்க வேண்டும்.